ஓரம் பிரிந்த ஸ்டிக்கர்

வாங்க சார், வாங்க. செருப்ப அங்கயே உட்டுருங்க. அந்தப் பக்கம் வேண்டாமுங்க, வெயில்ல கெடந்தா திரும்பப் போடறப்ப காலு பொசுங்கிரும். இப்படி நெழல்ல தள்ளி உடுங்க. ஊடு கண்டுபிடிக்கச் செரமமாப் போச்சுங்களா? எல்லாரும் அந்த மில்லுச் சந்துல ஒருக்கா நொழஞ்சு சுத்திட்டுத்தான் வருவாங்க. உக்காருங்க. ஃபேன் அவ்வளவுதானுங்க சுத்தும். கண்டென்சர் போயிருச்சு. மாத்தோணும் மாத்தோணும்னு நானும் ஒரு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்.

பெட்டி இந்தா இருக்குதுங்க. நேத்தே தொடச்சு எடுத்து வெச்சுட்டேன். செரி பாத்துக்குங்க. மீட்டரு ஒண்ணு. கிளிப்பு வெச்ச வயரு ரெண்டு. எழுதற நோட்டு. பச்சை ஸ்டிக்கர் ரோலு, அது பாதிக்கு மேல தீந்துபோச்சு. செவப்பு ரோலு, அது குடுத்து மூணு வருசமாச்சு, கடையில வாங்கின மேனிக்கே இருக்குது, பிரிக்கவே இல்லைங்க. பதினோரு வருசம் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கறேன் சார். வலது தோளு எறங்கிப்போச்சு, சட்டை போட்டா ஒரு பக்கம் தொங்குது. விசாரணை முடியற வரைக்கும் உங்க கோயமுத்தூர் ஆபீஸ்லயே இருக்கட்டும். தோளுக்கும் கொஞ்சம் லீவு கெடைக்கும்.

மயிலா, ஆபீஸ்ல இருந்து சார் வந்திருக்கறாரு பாரு. டீ வேண்டாங்களா? இந்த வெயிலுக்கு வேண்டாந்தான். அந்த டப்பு டப்புனு சத்தம் கேக்குதுங்களே, அது என்ற ஊட்டுக்காரிதான். சமையக்கட்டுக்குள்ள செருப்புப் போட்டுட்டு நடக்கறாளேனு நெனைக்காதீங்க சார். குதிகால் வலி. வயசாகுதுங்கள்ல. எங்க சின்னம்மாளும் கடைசிக் காலத்துல இப்படித்தான், ஊட்டுக்குள்ள செருப்பில்லாம ஒரு எட்டு வெக்கமாட்டா.

இந்தப் பேப்பருங்களா? குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன். சென்னியப்பன் ஆகிய நான். செரி. மேற்படி தேதியில் மேற்படி வீட்டில் இருந்த வாஷிங் மெஷினை முறைப்படி சோதித்தேன். செரி. மெஷினில் கரண்ட் அடிப்பதை வீட்டில் தங்கியிருந்தவர்கள் என்னிடம் மறைத்துவிட்டார்கள். அவ்வளவுதானுங்களா? ரெண்டே வரி. நல்லா எழுதியிருக்கறீங்க. என்னை எழுதச் சொன்னா இருவது பக்கம் எழுதியிருப்பேன், ஒண்ணும் வெளங்கியிருக்காது.

போட்டுத் தாரேன் சார். போடமாட்டேன்னு சொல்லலை. கையெழுத்துப் போட்டா திங்கக்கெழம வேலைக்கு வந்துரலாம்னு மேனேஜர் போன்லயே சொல்லிட்டாரு. எனக்கு அம்பத்தி மூணு வயசு. இந்த வேலைய உட்டா வேற எவன் கூப்புடுவான்? ரெண்டாவது வரிக்கு என்ன அர்த்தம்னும் எனக்குத் தெரியுமுங்க. அந்தப் புள்ளைகளே மறைச்சுட்டாங்கன்னு ஆயிட்டா, பனியன் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, நம்ம ஆபீஸுக்கும் பொறுப்பில்லை. கரண்டு அடிச்ச அந்தப் புள்ளை கையி அது பாடு. கம்பெனி வைத்தியத்த நிறுத்திப்போட்டு ஊருக்குப் பஸ் ஏத்தி உட்டுரும். தெரியாமயா இருக்கறேன். ஆனா பாருங்க, இந்தப் பதினஞ்சு நாள்ல என்ன நடந்துதுன்னு ஒருத்தருமே என்னைக் கேக்கலை. நீங்களாச்சும் கேட்டுக்குங்க. அப்பறம் போட்டுத் தாரேன்.

நம்ம வேலை உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் நீங்க அங்க கம்ப்யூட்டர்ல பாக்கறவரு. வெளிநாட்டுக்காரன் துணி வாங்கோணும்னா, தைக்கற எடத்துலயும் தைக்கறவங்க தங்கற ஊட்டுலயும் இருக்கற கரண்டுச் சாமான் பூராவும் ஆறு மாசத்துக்கொருக்கா சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோணும். கம்பெனிக்குள்ள தேய்க்கற பொட்டி, தையல் மிஷினு, டேபிள் ஃபேனு. புள்ளைகளுக்கு வாடகைக்குப் புடிச்சுக் குடுத்த ஊடுகள்ல வாஷிங் மிஷினு, அடுப்பு, தண்ணி காயவெக்கற ஹீட்டரு. ஒரு பொருளுக்கு மொறையாப் பாத்தா அஞ்சு நிமிசம். பிளக்க உருவோணும். வயரு நெடுகக் கையில தடவிப் பாக்கோணும். ஒரு கிளிப்ப மிஷினு தகரத்துல மாட்டி இன்னொண்ண பிளக்கோட பெரிய முள்ளுல மாட்டினா, எர்த் கம்பி முழுசா இருக்குதானு மீட்டரு சொல்லும். அப்பறம் கரண்டு தகரத்துக்குக் கசியுதானு பாக்கோணும். நோட்டுல எழுதோணும். ஒட்டோணும். இப்படி ஒரு நாளைக்கு நூத்தி இருவது சாமான் முடிக்கச் சொல்லுது ஆபீஸு. எனக்குச் சோறு திங்க நேரம் இருக்குதானு நீங்களே சொல்லுங்க.

அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன். சிரிக்காதீங்க. இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை.

செருப்பு.

நம்ம சனம் ஊட்டுக்குள்ள செருப்புப் போடாதுங்கள்ல. வெளிய கழட்டி உட்டுட்டுத்தான் உள்ள வரும். அப்பேர்ப்பட்ட ஊட்டுக்குள்ள, ஒரு மிஷினுக்கு முன்னால மட்டும் ஒரு சோடி ரப்பர் செருப்புக் கெடந்துச்சுன்னா, என்ன அர்த்தம்? அந்த மிஷினத் தொட்டா ஜிவ்வுங்குதுன்னு அர்த்தம். யாரும் ரிப்பேர் பண்ணமாட்டாங்க. ஊட்டுக்காரங்கிட்டச் சொன்னா நீதான் கெடுத்தேம்பான். கம்பெனியில சொன்னா மிஷினத் தூக்கிட்டுப் போயிருவாங்க, திரும்பி வர ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் பதினாலு புள்ளைக துணியக் கையில தொவைக்கோணும். அதனால ஒரு செருப்ப வாங்கிப் போட்டுட்டு, செருப்புப் போட்டுட்டுத் தொடுடினு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்டு ஓட்டிருவாங்க. சில ஊட்டுல பலகை கெடக்கும். சில ஊட்டுல சாக்கு மடிச்சுப் போட்டிருக்கும். சிலது மிஷினுக் கைப்பிடியில பனியன் வேஸ்ட்டுத் துணியச் சுத்தி வெச்சிருக்கும். நான் உள்ள நொழைஞ்சதும் மிஷினப் பாக்கமாட்டேன் சார். தரையத்தான் பாப்பேன்.

இப்படிப் பாத்தே எத்தனை மிஷினப் புடிச்சிருக்கறேன் தெரியுங்களா. செருப்பு கெடந்தா மட்டும் மீட்டர எடுத்து மாட்டுவேன், ஒருக்காலும் தப்புனதில்லை. செவப்பு ஒட்டமாட்டேன். செவப்பு ஒட்டினா அது வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குப் போயிரும், கம்பெனிக்காரங்க நம்ம ஆபீஸையே மாத்திப்போடுவாங்க. கம்பெனியில புள்ளைகளப் பாத்துக்கற ஹெச்.ஆர். அம்மாவத் தனியாக் கூப்புட்டு, இதச் செரி பண்ணிருங்கனு சொல்லிப்போட்டு, ஒரு வாரம் கழிச்சுப் போயிப் பச்சை ஒட்டிருவேன். செருப்பு இல்லாத சாமானுக்கு நேரடியாப் பச்சை. ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? பதினோரு வருசம் ஒரு அசம்பாவிதம் கெடையாது.

அன்னைக்கு அந்த ஊட்டுக்குப் போனப்ப மணி பதினொண்ணு இருக்கும். காலையில இருந்து எம்பது சாமான் ஆயிருந்துது. ஹெச்.ஆர். அம்மா கூடவே வந்து வாசல்ல நின்னுட்டு மணியப் பாத்துட்டிருக்குது. புள்ளைக எல்லாம் சிப்டுக்குப் போயிட்டாங்க. வினோதினினு அறந்தாங்கிப் பக்கத்துப் புள்ளை ஒண்ணு, வந்து மூணே மாசம், ஓவர்லாக் தையல் மிஷினு ஓட்டுது. எனக்கு ஊட்டத் தொறந்து காட்டறதுக்குன்னு அதை லீவு போட வெச்சிருந்தாங்க.

உள்ள போறேன், ஊடு பளபளன்னு இருக்குதுங்க. தரையக் கழுவி உட்டிருக்குது. வாசல்ல மட்டுமில்ல, வாஷிங் மிஷினுக்கு முன்னாலயும் சின்னதா ஒரு கோலம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டு, அது மேல துண்டு விரிச்சு வெச்சிருக்குது. ஆபீஸர் வாராருன்னு சொல்லியிருக்காங்கள்ல. உக்காருங்க சார், டீ வெக்கட்டுமானு கேட்டுச்சு. எம் பொறப்புல என்னை ஆபீஸர்னு நெனச்சுச் சேருல துண்டு விரிச்சது அந்தப் புள்ளை ஒண்ணுதான்.

மிஷினுக்கு முன்னால பாத்தேன். கோலந்தான் இருக்குது. செருப்பு இல்லை, பலகை இல்லை, சாக்கு இல்லை. அந்தம்மா வாசல்ல, முடிஞ்சுதுங்களா, இன்னும் ஆறு ஊடு இருக்குதுங்குது. பச்சைய உரிச்சேன், ஒட்டினேன். நோட்டுல நம்பரு எழுதினேன். எப்பவும் ஒரு நம்பரு எழுதுவோமுங்கள்ல, எல்லா மிஷினுக்கும் ஏறக்குறைய அதே நம்பருதான் வரும். அந்தப் புள்ளை பக்கத்துல நின்னு ஸ்டிக்கரயே பாத்துட்டிருந்துச்சு. இனி பயமில்லைங்களா சார்னு கேட்டுச்சு. ஆறு மாசத்துக்குக் கவலையில்லை அம்மிணினு சொல்லிப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிட்டேன்.

இனி பயமில்லையானு ஏன் கேட்டுச்சு? அப்பவே நான் யோசிச்சிருக்கலாமுன்னு சொல்லுவீங்க. எம்பது சாமானுக்கு அப்பறம் யோசனை வருமா சார்? வராதுங்க.

அஞ்சாவது நாளு மத்தியானம் போன் வருது. வினோதினி துணி எடுக்கறேன்னு ஈரக் கையோட மிஷினத் தொட்டிருக்குது. கையி ஒட்டிக்கிச்சு. கூட இருந்த செசிலிங்கற பொண்ணு, தேவகோட்டைப் பொண்ணு, கொஞ்சம் வெவரமானது, மெயின் சுவிட்ச ஓடிப்போயி அமுத்தியிருக்குது. அந்த ஒரு நிமிசத்துல உசுரு பொழைச்சுது. வலது கையி உள்ளங்கை வெந்துபோச்சு. நடுவெரலும் பக்கத்து வெரலும் மடங்குனது மடங்குனபடியே இருக்குது, நிமிரலை. ஓவர்லாக் ஓட்டற கையி சார். அப்பறம் மிஷினப் பிரிச்சுப் பாத்தவன் சொன்னான், உள்ள மோட்டாருக்குப் போற வயரு தோலு உரிஞ்சு தகரத்துல ஒட்டிட்டிருந்துதாம். பிளக்குல எர்த் கம்பியே மாட்டாம, வெட்டி மடிச்சு உட்டிருந்துதாம். கிளிப்ப மாட்டியிருந்தா முதல் நிமிசத்துலயே தெரிஞ்சிருக்கும்னு எங்கிட்டயே சொல்றான். எனக்குத் தெரியாதா அது.

எனக்கு வந்த கோவம் இருக்குதே, சொல்லி மாளாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுத்தான் போனேன், சும்மா போகலை. வெராண்டாவுல செசிலி நின்னுட்டிருந்துச்சு. ஏம்மா, மிஷினு கரண்டு அடிக்கறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமானு கேட்டேன். தெரியும் சார், நாங்க எல்லாருமே செருப்புப் போட்டுத்தான் தொடுவோமுங்குது. அப்ப செருப்பு எங்க போச்சு, நான் வந்தப்ப ஏன் இல்லைனேன். அதுக்கு அந்தப் பொண்ணு சொல்லுது, ஆபீஸர் வர்ற நேரத்துல ஊட்டுக்குள்ள செருப்புக் கெடந்தா மரியாதையா இருக்காதுன்னு வினோதினிதான் எடுத்து வெளிய வாசப்படிக்கிட்ட வெச்சுதாம். தரையக் கழுவிக் கோலம் போட்டதும் அதுக்குத்தானாம்.

பாத்தீங்களா சார்? மரியாதையாம். நான் செருப்பத் தேடிட்டுப் போறேன், அது எனக்கு மரியாதை பண்றதுக்குச் செருப்ப ஒளிச்சு வெக்குது. கெரகம் புடிச்ச மரியாதை. செரி, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல, சார் இது ஷாக் அடிக்குதுனு? கேட்டதுக்குச் செசிலி என்ன சொன்னா தெரியுங்களா. அவரு மிஷினு வெச்சுப் பாக்கறவரு, அவருக்கே தெரிஞ்சுரும், நாம சொன்னா அவருக்கே சொல்லித் தர்ற மாதிரி இருக்கும்னு வினோதினி சொல்லுச்சாம்.

அதோட போச்சுங்களா? பச்சை ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு அப்பறம் செருப்புப் போடறதையே உட்டுருக்குது அந்தப் புள்ளை. மத்தவங்க எல்லாம் பழக்கத்துல போட்டுட்டுத்தான் தொட்டிருக்காங்க. இது ஒண்ணு மட்டும், அதான் ஆபீஸர் பாத்து ஒட்டிட்டாரே, இனி எதுக்குனு வெறுங்காலோட நாலு நாளாத் தொட்டிருக்குது. நாலு நாளு ஒண்ணும் ஆகலை. அஞ்சாம் நாளு தரை ஈரம். நான் கேக்கறேன் சார், ஒரு ஸ்டிக்கர நம்பி யாராச்சும் செருப்பக் கழட்டுவாங்களா? ஒரு காகிதந்தானே அது? அதுல என்ன இருக்குது?

என்னமோ போங்க.

உள்ள போனேன். கட்டிலுக்குப் பக்கத்துல நின்னேன். கையி பூராவும் கட்டு. அந்த நெலமையிலயும் எந்திரிக்கப் பாத்துச்சு, வாங்க சார்னு. நானு திட்டறதுக்குன்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அது கேட்டுச்சு:

"சார், நீங்க ஒட்டின ஸ்டிக்கர்ல தண்ணி பட்டு ஒரு ஓரம் பிரிஞ்சிருச்சு. நான் அமுக்கி அமுக்கி விட்டேன், ஒட்டலை. அதனாலதான் அடிச்சிருச்சா சார்?"

எனக்கு ஒரு நிமிசம் புரியலைங்க. அப்பறந்தான் புரிஞ்சுது. ஸ்டிக்கர்தான் கரண்டத் தடுக்குதுன்னு அந்தப் புள்ளை நெனச்சிட்டிருக்குது. தாயத்து மாதிரி. அது ஓரம் பிரிஞ்சதுனால வந்த வெனைன்னு படுத்துட்டு யோசிச்சிருக்குது. கண்ணுல தண்ணி. நான் சரியா ஒட்டாமப் போயிட்டேனா சார், கம்பெனியில என்னை வையுவாங்களாங்குது.

நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொல்லுங்க. இல்லை அம்மிணி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைனு சொன்னா, அடுத்து என்ன கேக்கும்? அப்ப எதனால சார்னு கேக்கும். வாசல்ல ஹெச்.ஆர். அம்மா நிக்குது. நர்ஸு நிக்குது. நான் சொன்னேன், இனிமேப்பட்டு தண்ணி படாமப் பாத்துக்க அம்மிணி. அவ்வளவுதான் சொன்னேன். பொய்யின்னு சொல்ல முடியாது. தண்ணி படாமப் பாத்துக்கறது நல்லதுதானே. செரிங்க சார்னு தலையாட்டுச்சு. ஆரஞ்சுப் பழத்தத் தலமாட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். 

ஆனா பாருங்க, எம் பக்கம் ஞாயம் இருக்குதுங்களா இல்லையா? மறைச்சாங்களா இல்லையா? வேணும்னே மறைச்சாங்களோ மரியாதைக்கு மறைச்சாங்களோ, மறைச்சது மறைச்சதுதானே? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்லை. சொல்லமாட்டாங்க. எந்த ஊட்டுலயும் சொல்லமாட்டாங்க. ஏன் சொல்லலை, ஏன் சொல்லலைன்னு பதினஞ்சு நாளா எனக்குள்ளயே கேட்டுட்டிருக்கறேன். இந்த ஊட்டுல என்னடான்னா அதுக்கு நேர்மாறு. ஒரு நாளு ஒழிஞ்சு ஊட்டுல உக்காந்தா, ஏனுங்க இதப் பாருங்க, ஏனுங்க அதப் பாருங்கனு ஏதாச்சும் ஒண்ணு சொல்லிட்டே இருப்பா மயிலா. ஞாயித்துக்கெழமையாச்சும் அந்தக் கெரகம் புடிச்ச மீட்டர மறந்துட்டு இருக்க உடு தாயேனு கையெடுத்துக் கும்புட்டிருக்கறேன். இப்ப கொஞ்ச நாளா ஒண்ணும் சொல்றதில்லை. நிம்மதி.

செரி, பேனா குடுங்க. பேசிப் பேசி உங்க நேரமும் போகுது. இந்த எடத்துலதானுங்களே?

இருங்க, இருங்க. உங்க மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது. டீதான் வேண்டாமுன்னீங்க, சில்லுனு தண்ணியாச்சும் குடிங்க. மயிலா. ஏ மயிலா. காணமுங்க. மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டாளாட்ட இருக்குது, அதான் சத்தத்தையே காணம். நானே எடுத்தாறேன். நம்மூட்டு ஃபிரிட்ஜ நானு தொறந்தே பல மாசம் ஆச்சுங்க. எனக்குச் சில்லுத் தண்ணி ஆகாது, தொண்டை கட்டிக்கும், பானைத் தண்ணிதான். மத்தபடி வேணுங்கறது கைக்கு வந்துரும்.

சார்.

கேட்டீங்களா சார்? அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுதுங்களா? கைப்பிடிக்கு ஒரு சாண் இருக்குது என்ற கையி. மாடிப்படியில இருந்து துணியோட ஓடியாறா. "ஏனுங்க, வெறுங்காலோட தொடாதீங்க, அந்தச் செருப்பப் போட்டுட்டுத் தொறங்க"ங்கறா. கீழ பாக்கறேன். ஃபிரிட்ஜுக்கு நேரா, ஒரு சோடி ரப்பர் செருப்பு. பக்கத்துப் பக்கத்துல, ஒழுங்கா, வாசல்ல உடற மாதிரி கழட்டி உட்டிருக்குது.

நீங்க உக்காருங்க சார், நீங்க ஏன் எந்திரிக்கறீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை. தொடலை.

எத்தனை நாளா மயிலா?

தீவாளி மழைக்கு அந்தச் சொவரு நனைஞ்சப்ப இருந்துங்கறா. இப்ப பங்குனி. அஞ்சு மாசம். அஞ்சு மாசமா என்ற காதுல டப்பு டப்புனு கேக்குது, குதிகால் வலின்னு நானே ஒரு வைத்தியம் சொல்லிட்டு உக்காந்திருக்கறேன். ஊரு பூராவும் எவ ஊட்டுல செருப்புக் கெடக்குதுன்னு பாத்துட்டுத் திரிஞ்சவன் சார் நானு.

ஏன் எங்கிட்டச் சொல்லலை மயிலா? ஏன் சொல்லலை?

ம். இப்பக் கேட்டுதுங்களா சார்? மெதுவாச் சொன்னா, அதான் கேட்டுதா என்னமோ. "ரெண்டு தடவை சொன்னேனுங்க. ஞாயித்துக்கெழம. மீட்டரப் பத்திப் பேசாதேன்னு சொன்னீங்க. செரி, அதுவா அடங்கிரும்னு உட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. சண்டைக்கு வரலை. துணிய மடிக்க ஆரம்பிச்சுட்டா.

சார், அந்தப் பெட்டிய இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க. பத்து நிமிசம். அப்பறம் நீங்களே எடுத்துட்டுப் போங்க. வாங்க, நீங்களும் வந்து பாருங்க, ஒரு சாட்சிக்கு. மயிலா, நீ உள்ள வராதே, அங்கயே நில்லு. சுவிட்ச அணைச்சாச்சு. பிளக்க உருவறேன். இந்தா, பாருங்க சார் இந்த பிளக்க. ரெண்டே முள்ளு. இந்த ஊட்டுக்குக் குடி வந்தப்ப மூணு முள்ளு பிளக்கு இந்தச் சொவத்துல நொழையலைன்னு, ரெண்டு முள்ளு வாங்கி நாந்தான் மாட்டினேன். எர்த் கம்பிய வெட்டி உள்ள மடிச்சு உட்டதும் நாந்தான். தற்காலிகத்துக்குன்னு சொன்னேன். அந்த ஊட்டுல எர்த்த வெட்டினவன் எவன்டா கொலைகாரப் பாவின்னு போன வாரம் இதே வாசல்ல உக்காந்து பேசினேன் சார். இவ கேட்டுட்டுத்தான் இருந்தா.

கிளிப்ப மாட்டறேன். மீட்டரப் பாருங்க. தெரியுதுங்களா? கசிஞ்சுட்டுத்தான் இருக்குது. நல்ல கசிவு. ஈரத் தரையில வெறுங்காலோட ஒரு நாளு இவ நின்னிருந்தாள்னா.

ம்.

அந்தச் செவப்பு ரோல எடுங்க சார். பிரிங்க. முனை எங்க இருக்குதுன்னே தெரியலையா? தெரியாது, தொட்டிருந்தாத்தானே. குடுங்க, நகத்துல கீறிப் பாக்கறேன். வந்துருச்சு. இந்தா, ஒட்டியாச்சு. மயிலா, இனி இதத் தொடாதே. செருப்புப் போட்டுட்டும் தொடாதே. நாளைக்கே இத முழுசாச் செரி பண்றேன். அந்த ஃபேனையும்.

அந்தப் பேப்பரக் குடுங்க சார். முதல் வரியில முறைப்படி சோதித்தேன்னு இருக்குது பாருங்க, அத அடிச்சுருங்க. மீட்டர் போட்டுப் பாக்காமயே ஸ்டிக்கர் ஒட்டினேன்னு எழுதுங்க. ரெண்டாவது வரியப் பூராவும் அடிச்சுருங்க. அவங்க ஒண்ணையும் மறைக்கலை. நீங்க எழுதமாட்டீங்கன்னா பேனாவ இப்படிக் குடுங்க, என்ற கையாலயே எழுதறேன். மேனேஜர் கேட்டா, நீங்க எவ்வளவோ சொல்லியும் சென்னியப்பன் கேக்கலைன்னு சொல்லிருங்க. திங்கக்கெழம நானு வரலை சார். வந்தாலும் உள்ள உடமாட்டாங்க, அது எனக்கே தெரியும்.

கையெழுத்துப் போட்டாச்சு. தேதியும் போட்டுட்டேன்.

தண்ணி தாரேன்னு சொன்னேனே, இந்தாங்க, பானைத் தண்ணி, குடிங்க. நீங்க காருலதானே வந்திருக்கறீங்க? போற வழியில என்னை ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டுருங்க. நாலு மணிக்கு மேலதான் பாக்க உடுவாங்க, பரவால்லை, உக்காந்துக்கறேன். ஸ்டிக்கர் பிரிஞ்சதுனால இல்லைன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லோணும்.